பகலில் அணையுங்கள், இரவில் எரியவிடுங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று ஊர் முழுக்கத் தெருவிளக்குகளில் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்குகளை மாட்டினீர்கள். அதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அது நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். நல்ல திட்டம் கண்ணெதிரே வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து மில் குடியிருப்புக்கு வரும் சாலையில் விளக்குகள் எரியாதது உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்தோம், கவுன்சிலரிடம் நேரிலும் சொன்னோம். ஒரு மழை இரவில் மின்னழுத்தம் எகிறி வரிசையாகப் போன விளக்குகள் அவை. கேட்டால், கான்ட்ராக்டர்தான் மாற்ற வேண்டும், நாங்கள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள் உங்கள் ஊழியர்கள். கான்ட்ராக்டரோ, மின்னழுத்தத்தால் போனதற்கு வாரண்டியே கிடையாது என்கிறார். இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, சாலை இருட்டிலேயே கிடக்கிறது.

போன வாரம், இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்த எங்கள் தெருப் பெண் ஒருவர் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. தினக்கூலிக்காரர். படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் இல்லை. அதற்கப்புறம் அந்த ஷிப்ட் பெண்கள் யாரும் தனியாக வருவதில்லை. நாலைந்து பேர் சேரும்வரை பேருந்து நிலையத்திலேயே காத்திருந்து, செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருகிறார்கள். பத்தரைக்குப் பேருந்தை விட்டு இறங்குகிறவர் வீடு சேரப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களும் அவர்களேதான்.

அந்த விளக்குகளை முதலில் எரிய வையுங்கள். செலவு யாருடையது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இதே ஊரில் சந்தைத் தெரு விளக்குகள் பட்டப்பகலில் எரிகின்றன. டைமர் பழுதானதும் நேரடி இணைப்பு கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கணக்கைப் பாருங்கள். 40 வாட் டியூப் லைட் இரவில் 12 மணி நேரம் எரிந்தாலும், 20 வாட் எல்இடி இரவும் பகலுமாக 24 மணி நேரம் எரிந்தாலும் செலவாகும் மின்சாரம் ஒன்றுதான். அப்படியானால் அந்தத் தெருவில் நாம் மிச்சப்படுத்தியது என்ன?

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை இருக்கிறது. ஒரு கிராம ஊராட்சி. வங்கிக் கடன் வாங்கி 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, ஊர்த் தேவை போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். நகராட்சியான நம்மால் ஒரு டைமரை மாற்ற முடியவில்லை. குடிநீர் ஏற்றும் மோட்டார்கள் எரிந்துபோனால், திரும்பத் திரும்பக் காயில் (கம்பிச் சுருள்) கட்டியே ஓட்டுகிறோம். குழாய் கசிந்து வீணாவது தண்ணீர் மட்டுமா? அதை மேலேற்றிய மின்சாரமும்தான். ஆனால் அலுவலக வாசலில் 'பசுமை நகரம்' பலகைக்கு மட்டும் ஆண்டுதோறும் புதுப் பெயிண்ட் அடிக்கிறீர்கள். கோபம் வருகிறது ஐயா.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. மில் குடியிருப்புச் சாலை விளக்குகளை இந்த வாரத்துக்குள் எரிய வையுங்கள். சந்தைத் தெருவுக்கு டைமர் பொருத்துங்கள். பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு எண் எழுதிவையுங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்ற பட்டியல் எங்களிடம் தயாராக இருக்கிறது. ஆள் அனுப்பினால் கூடவே நடந்து காட்டுகிறோம்.

பணிவுடன்,
மில் குடியிருப்பில் வசிக்கும் ஒருத்தி