நல்லதங்காளும் ரொட்டி வீடும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. சினை மாட்டோடு மல்லுக்கட்டியதில் பதில் எழுத முடியவில்லை. காளைக்கன்று போட்டிருக்கிறது. இப்போது செவலையாக இருக்கிறான், ஆறு மாதத்தில் மயிலை ஆகிவிடுவான். காங்கேயம் மாட்டுக்கு அது வழக்கம்தானே. கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. மற்றபடி சொல்லும்படி ஒன்றும் இல்லை.

உன் பேத்திக்கு ஹான்சல், கிரெட்டல் கதை வாசித்ததையும், "சித்தின்னா கெட்டவங்களா தாத்தா?" என்று அவள் கேட்டதையும் எழுதியிருந்தாய். இந்த மாதிரிக் கதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையா என்று உனக்குக் கோபம் வேறு. சொல்லட்டுமா, அந்தக் கதையில் முதலில் சித்தியே கிடையாது. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சடித்தபோது பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்னவள் பெற்ற தாய்தான். 1840ஆம் வருடப் பதிப்பில்தான் அவளைச் சித்தியாக்கினார்கள். ஸ்னோ ஒயிட்டிலும் இதே கதைதான், அங்கே 1819லேயே மாற்றியாகிவிட்டது. பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று புத்தகத்தில் போட மனசு வரவில்லை போலிருக்கிறது. பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் சித்திகளுக்கும் பஞ்சமில்லை, பழி போட வாகாக ஆள் இருந்தது.

ஆனால் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார். ரொட்டிக்கு வழியில்லாத ஒரு விறகுவெட்டி வீடு. ஐரோப்பாவில் 1315 முதல் 1317 வரை மழை கொட்டி, பயிர் அழுகி, பெரும்பஞ்சம் வந்தது, அதன் ஞாபகம்தான் இது என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு பஞ்சத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பஞ்சம் என்ன ஒரு தடவையா வந்தது? ஆனால் சூனியக்காரியின் வீடு இருக்கிறதே, இப்போதைய படப் புத்தகங்களில் மிட்டாயும் சாக்லேட்டுமாக வரைகிறார்களே, அது கிரிம் கதையில் ரொட்டியால் கட்டிய வீடு. கூரை கேக், சன்னல் சர்க்கரை, ஆனால் சுவர் ரொட்டி. பட்டினி கிடக்கிற பிள்ளை முதலில் கனவு காண்பது வயிறு நிறைகிற பண்டத்தைத்தான். நம் அம்மிச்சிமார் கட்டியிருந்தால் அதை நெல்லஞ்சோற்றில் கட்டியிருப்பார்கள், கம்பும் ராகியும் தின்று சலித்தவர்கள்.

அம்மிச்சி என்றதும் நல்லதங்காள் கதை ஞாபகம் வருகிறது. உனக்கும் எனக்கும் ஆசாரத்தில் படுக்க வைத்துச் சொன்னாளே. கதை நடந்ததாகச் சொல்வதும் கோயில் இருப்பதும் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில், ஆனால் அம்மிச்சி சொன்னால் ஏதோ நம் ஊர் மேற்குத் தோட்டத்துக் கிணறு மாதிரியே இருக்கும். பன்னிரண்டு வருசம் மழையில்லை, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், அண்ணி மூளியலங்காரி சோறு போடவில்லை, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் "என்னைய விட்டுரும்மா, மாடு மேச்சாவது பொழச்சுக்கறேன்" என்று கெஞ்சும் இடத்தில் அம்மிச்சி குரல் உடைந்து நிறுத்திவிடுவாள், பாக்கியை மறுநாள்தான் சொல்லுவாள்.

அவளுடைய பாட்டி தாது வருசப் பஞ்சம் பார்த்தவள். 1876 முதல் 1878 வரை, கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களை உலுக்கியெடுத்த பஞ்சம். இங்கே ஜனம் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. கதையில் மழை பொய்த்ததோடு சரி, வரியும் இல்லை, கப்பலும் இல்லை. சோற்றுப்பானையைக் காத்துக்கொண்டு ஒரு அண்ணி நிற்கிறாள், திட்டு முழுவதும் அவளுக்கு. அண்ணன் நல்லவன், தங்கைக்காக உயிரையே விடுகிறான். விறகுவெட்டியும் நல்லவன்தான், பொண்டாட்டி பேச்சைக் கேட்டு இரண்டு தடவை பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போனவன், கடைசியில் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொள்கிறான். அதற்குள் அந்தப் பொம்பளை செத்தே போயிருக்கிறாள்!

ஆண்கள் கட்டிய கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை, நமக்குச் சொன்னது பெண்கள்தானே. அம்மிச்சிக்கு இது கட்டிக் கொடுத்த தங்கையின் பயம். நம் கல்யாணங்களில் இணைச்சீர் என்று வைத்திருக்கிறோமே, கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை அவன் தங்கச்சியிடம், பெண்டாட்டி வந்தாலும் உன்னைக் கைவிடமாட்டேன் என்று சபைக்கு நடுவில். அந்தச் சீர் முழுக்க நல்லதங்காள் பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கும் என் தங்கச்சிக்கும் இணைச்சீர் நடந்தபோது நீதான் பக்கத்தில் நின்று கிண்டல் பண்ணினாய். மூன்று வருசத்துக்கு முன்னால் தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். அதற்கப்புறம் விசேசத்துக்கு வருவதோடு சரி, வந்தாலும் கை நனைப்பதில்லை. சொந்தத்தில் எல்லோரும் என் வீட்டுக்காரியைத்தான் சொல்கிறார்கள், வந்தவள் பிரித்துவிட்டாள் என்று. கையெழுத்து வாங்கலாம் என்று சொன்னது நான். அவள் வேண்டாமென்றாள். இதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை, உனக்கு எழுதும்போதுதான் பேனா இதுவரைக்கும் வந்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகலாமென்று இருக்கிறேன். வீட்டுக்காரியும் வருகிறாளாம். என்ன பேசுவது என்று தெரியவில்லை, சீம்பால் கொஞ்சம் எடுத்துப் போகிறோம்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா, கன்று நிறம் மாறுவதற்குள்.

உன்,
மாப்ள