சென்சாரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் டெல்டாவில் தூர்வாரும் பணி பற்றி உங்கள் நாளிதழில் விடாமல் செய்தி வருகிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எந்த வாய்க்கால் விடுபட்டது என்றெல்லாம் எழுதுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் கரையில் ஒரு பொக்லைன் நாள் கணக்கில் சும்மா நிற்கிறதே, அது ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மன்னார்குடி பக்கம் இந்த வண்டிகளுக்கு வேலை பார்க்கிறவன் நான். நான் பார்த்த வரையில் இப்போதெல்லாம் இன்ஜின் கெட்டு வண்டி நிற்பது குறைவு, ஒயரிலும் சென்சாரிலும் வருகிற கோளாறுதான் அதிகம். அது கூடப் பெரிய பிரச்சினை இல்லை, கோளாறு எங்கே என்று பார்க்காமலே ஒவ்வொரு பொருளாக வாங்கி மாட்டிப் பார்க்கிறார்களே, அதில்தான் காசும் நாளும் போகிறது.

நாள் போவது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. மேட்டூரை ஜனவரி 28-ல் அடைத்து ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். கோடை உழவு, அறுவடை, டெண்டர் எல்லாம் போக வாய்க்காலுக்குள் வண்டி இறங்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், குறுவைக்கு அது நல்லதுதான், ஆனால் வேலைக்கு இருந்த நாள் அந்த அளவுக்குச் சுருங்கியது. தண்ணீர் வந்த பிறகு வண்டி சரியாகி என்ன பயன்? கடைமடைக்காரர் வயலுக்கு அந்த வருஷம் தண்ணீர் ஏறாது.

பழைய இன்ஜினுக்கு டீசலும் காற்றும் ஒழுங்காகப் போனால் ஓடிவிடும். இப்போது வருவது காமன் ரயில் இன்ஜின், ‘ரயில்’ என்கிற ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்து எல்லா சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது. கிராங்க் சுற்றுவது, ரயிலில் டீசல் அழுத்தம், கூலன்ட் சூடு, ஆயில் பிரஷர், டர்போ காற்று என்று எல்லாவற்றையும் சென்சார் வழியாக ஈசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று தாறுமாறாக வந்தால் இன்ஜினைக் காப்பாற்ற அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். ஆபரேட்டர் ‘ரேஸ் ஏறலை அண்ணே’ என்று போன் செய்வார், டிஸ்பிளேயில் ஒரு கோளாறு நம்பர் நிற்கும், அதைத்தான் ‘கோடு’ (code) என்கிறோம்.

அந்த நம்பரில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பல கம்பெனி வண்டிகளில் 110 என்று வந்தால் கூலன்ட் வெப்பநிலை. பக்கத்தில் 3 என்றால் அந்த லைனில் வோல்ட் அளவுக்கு மேலே, 4 என்றால் அளவுக்குக் கீழே. அவ்வளவுதான் அது சொல்கிறது. சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. சென்சார், கப்ளர் (ஒயரைச் சென்சாரில் மாட்டும் பிளக்), ஒயர், எர்த், ஈசிஎம் இந்த ஐந்தில் எதனாலும் அந்த வோல்ட் கெடலாம்.

கூலன்ட் சென்சாரையே எடுத்துக்கொள்வோம், இரண்டு ஒயர்தான். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் இரண்டு மூன்று கிலோ ஓம் காட்டும், சூடு ஏற ஏற இறங்கி சில நூறு ஓமுக்கு வரும். சாவியை ஆன் செய்துவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள், கோடு 3 வர வேண்டும். அப்புறம் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள், 4 வர வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால் ஒயரும் ஈசிஎம்மும் சரி, சென்சாரை மாற்றலாம். மாறவில்லை என்றால் எத்தனை புது சென்சார் போட்டாலும் அதே நம்பர்தான் வரும். இந்த வித்தை இரண்டு ஒயர் வெப்பநிலை சென்சாருக்கு மட்டும், மூன்று ஒயர் சென்சாரில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

அந்த 5 வோல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வாய்க்காலில் நின்ற வண்டியில் ஆயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ காற்று), ரயில் பிரஷர் என்று மூன்று கோடு ஒரே நேரத்தில் வந்தது. மூன்று சென்சாரும் போய்விட்டது என்று யாரோ சொல்ல, ஓனர் வாங்கவும் கிளம்பிவிட்டார். மூன்று ஒரே நிமிஷத்தில் சாகுமா? பல இன்ஜின்களில் ஈசிஎம்மிலிருந்து போகிற ஒரே 5 வோல்ட் லைனைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்று ஷார்ட் ஆனால் அத்தனையும் படுத்துவிடும். கப்ளரில் மீட்டர் வைத்தால் அரை வோல்ட் கூட இல்லை. ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும், எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அதுதான் திருடன். இங்கே எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை. சரி, கோளாறு ஒயரில் என்று உறையைப் பிரித்துக்கொண்டே போனால், ஒரு இரும்பு பிராக்கெட்டில் உரசி உரசி ஒயரின் தோல் தேய்ந்து செம்பு பாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. செலவு ஒரு முழ ஒயரும் டேப்பும்.

இதே இடத்தில் 24 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். 5 வோல்ட்டில் அந்த பல்ப் எரியாது, நல்ல ஒயரையும் செத்த ஒயர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதோடு அந்த லைனுக்குத் தாங்காத கரன்ட்டையும் இழுப்பார்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதும், தயவுசெய்து அதை வாங்குங்கள்.

நம்ம ஊருக்கென்றே சில கோளாறு உண்டு. அறுப்பு முடிந்து வரப்போரம் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் வயல் எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கிறது. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக்காற்றில் கப்ளர் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்து நிற்கும், வெளியில் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். சேறு போகப் பம்பு வைத்துத் தண்ணீர் அடிப்பதில் கப்ளருக்குள் ஈரம் இறங்குகிறது. பக்கெட் பல் வெல்டிங்கைக் கரையிலேயே வைத்துப் பார்க்கிறார்கள், பேட்டரியைக் கழற்றுவதில்லை, எர்த் கிளாம்பை எங்கேயோ தூரத்தில் மாட்டுகிறார்கள். அந்த கரன்ட் ஈசிஎம் வழியாகப் போனால் லட்சத்தில் செலவு.

பையன்களைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒயரிங் படம் கேட்டால் சர்வீஸ் ஆட்கள் தருவதில்லை. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கி, விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு சாதனம், வாகனம் என்று துறைகளைச் சொன்னது. வாய்க்கால் வெட்டும் வண்டியையும் அதில் தெளிவாகச் சேர்த்து, சென்சார் ஒயரிங் படத்தையும் கோடு விளக்கத்தையும் வெளியே கொடுக்கச் சொல்ல வேண்டும். டெல்டா மாவட்டங்களின் அரசு ஐடிஐ டீசல் மெக்கானிக் பிரிவில், மாணவர்கள் கையில் மீட்டரைக் கொடுத்து இதை ஒரு வாரமாவது செய்ய வைக்க வேண்டும். நீர்வளத் துறையும் வண்டியை வேலைக்கு எடுக்கும் முன் கோடு, கப்ளர், எர்த் மூன்றையும் பார்த்து எழுதி வாங்கலாம், மார்ச் மாதத்திலேயே.

ஐடிஐயில் கூப்பிட்டால் நானே வந்து சொல்லித்தருகிறேன். பழைய ஒயரிங் செட் ஒன்றும் நான்கு சென்சாரும் என்னிடம் இருக்கின்றன, பையன்கள் ஆளுக்கொரு மீட்டர் கொண்டுவந்தால் சரி.

— பொக்லைன் மெக்கானிக், மன்னார்குடி