பாத்திரம் தந்த பதினாறு வீட்டாருக்கு

செல்லூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் எல்லாருக்கும், அந்த வாரத்தில் எங்களுக்குக் கை கொடுத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

குழந்தைக்கு முப்பது நாள் கழிந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். வீடு வீடாக வந்து நன்றி சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்னக்கா, விடுங்க" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அத்தை, அவர்களுடைய நாலு மகன்கள், நாலு மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று ஒரே கூரைக்குக் கீழே 19 பேர். சித்திரைத் திருவிழா வந்தால் அருப்புக்கோட்டை, திண்டுக்கல், போடி என்று சொந்தபந்தம் வந்து இறங்கும். இந்த வருஷம் 34 இலை. மதுரையில் இந்த வாரம் எப்போதுமே நெருக்கடிதான். மீனாட்சி கல்யாணம் ஒரு திருவிழா, அழகர் வருவது இன்னொரு திருவிழா. திருமலை நாயக்கர் காலத்தில் இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்து வைத்தார்கள் என்று மாமா உயிரோடு இருந்தபோது சொல்லுவார். அந்தச் சேர்க்கையோடு 2024-இல் தேர்தலும் வந்து சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டு, அன்றைக்கு ராத்திரி அம்மனுக்குப் பட்டாபிஷேகம். ஞாயிறு திருக்கல்யாணம், திங்கள் தேர், செவ்வாய் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். இதற்கு நடுவில் என் இளைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்கிறேன். 85 வயது ஆனவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். அத்தைக்கு 84. "ஒரு வயசுல போச்சே" என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, "நான் பள்ளிக்கூடத்துக்கே போயித்தான் போடுவேன்" என்று அவர்கள் குளித்துச் சேலை மாற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அப்போதுதான் மாடி வீட்டு டீச்சரம்மா, நீங்கள் உங்கள் அறையிலிருந்து அந்தச் சக்கர நாற்காலியை எடுத்து வந்தீர்கள். சார் தவறிய பிறகு அதை அவருடைய வேட்டியைப் போட்டு மூடி வைத்திருந்தீர்கள். நாலு வருஷமாக யாரையும் தொடவிட்டதில்லை. அன்றைக்கு நீங்களே வேட்டியை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்கையைத் துடைத்து, "கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். வலது பக்கத்துக் கால்மிதி ஒடிந்திருந்தது. அத்தை ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார்கள். திருப்பிக் கொடுக்க வந்தபோது, "பந்தல்ல பெரியம்மா உக்காரட்டும், திருவிழா முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தச் சொல்தான் பிற்பாடு என் மகளுக்கு உதவியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து அம்மன் கழுத்தில் தாலி ஏறியதும் எங்கள் கழுத்துக் கயிற்றை மாற்றிக்கொண்டோம். பந்திக்கு இலை போதாமல் போனபோது எதிர்வீட்டு அக்கா வாழைக்கட்டோடு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போர் தண்ணீரைச் சுவருக்கு மேல் குழாய் போட்டு ஐந்து நாள் விட்டுக் கொடுத்தார். கரண்டு பில்லில் பாதி தருகிறோம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். அவருக்குத் தனியாக என் நன்றி.

இனி திங்கட்கிழமை. அழகரைப் பார்க்க வரும் ஜனங்களுக்கு நீர்மோர் கொடுப்பது மாமா ஆரம்பித்த வேண்டுதல், இது 41-ஆவது வருஷம். மோருக்கு 60 லிட்டர் தயிர் சொல்லி, முன்பணமும் கொடுத்திருந்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு "வண்டி வர வழியில்லை, இந்த வருஷம் முடியாது" என்று போன் வந்தது. கொடுக்க வேண்டியவர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்காரர் பந்தலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆவின் பூத்து அண்ணன் இருந்த அரை லிட்டர் பாக்கெட் 120-ஐயும் எங்களுக்கென்று ஒதுக்கினார். பாலைப் பிரித்துக்கொண்டு பதினாறு வீட்டு அடுப்பில் காய்ச்சினீர்கள். ஏழு மணிக்குத் தெருவே பால் வாசனை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் சுண்டுவிரலை வைத்துச் சூடு பார்ப்பார்கள். "இன்னும் செத்த ஆறட்டும்" என்றால் காத்திருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டினால், ஒரே சொம்பிலிருந்து ஒரு கரண்டி உறைமோர். பதினாறு வீட்டுப் பாலும் எங்கள் வீட்டு உறையில் தோய்ந்தது. சித்திரை வெக்கைக்கு நடுச்சாமத்திலேயே தயிர் கட்டிவிட்டது.

மூணு மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது.

அந்த நேரம் செல்லூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுப் பக்கம் போகிற ஜனம் தெரு கொள்ளாமல் நகர்கிறது. 108-க்குப் போன் போட்டோம். வண்டி தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும், அதுவரை கூட்டி வந்துவிடுங்கள் என்றார்கள். ஆட்டோத் தம்பி வண்டியை எடுத்துப் பார்த்தான், முக்கு வரைகூடப் போகவில்லை. அவன்தான் டீச்சர் வீட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். மகளை உட்கார வைத்தோம். ஒடிந்த மிதியில் வலது கால் தொங்கியது. வலி வரும்போது ஊன்ற இடமில்லாமல் அவள் துடித்தாள்.

கூட்டத்தில் ஒருவர். சல்லடம் கட்டி, தோளில் ஆட்டுத்தோல் பையோடு, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வந்தவர். தலையில் கட்டியிருந்த சிவப்பு உருமாலை அவிழ்த்து, நாற்காலியின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே இறுக்கி முடிந்து, அவள் பாதத்தை அதில் எடுத்து வைத்தார். "மிதிச்சுக்க தாயி" என்றார். பிறகு முன்னால் போய், "வழி விடுங்கப்பா, பிள்ளைத்தாச்சி வருது" என்று ஒரு குரல் கொடுத்தார். அதை அடுத்தவர் சொன்னார், அவருக்கு அடுத்தவர் சொன்னார். கோவிந்தா கோஷம் நின்றது. சுவரோரமாக ஒதுங்கி ஒரு ஆள் போகும் அகலத்துக்கு வழி விட்டார்கள். இரும்புத் தடுப்பைப் பெண் போலீஸ் ஒருவர் தனியாளாக இழுத்து நகர்த்தினார். வயசான அம்மா ஒருவர், சாமிக்கு வீசக் கொண்டுவந்த விசிறியால் என் மகளுக்கு வீசிக்கொண்டே ஆம்புலன்ஸ் கதவு வரை நடந்து வந்தார். கதவைச் சாத்துவதற்குள் அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பெரியாஸ்பத்திரியில் அந்த ராத்திரியும் இடம் கொடுத்து, திட்டாமல், கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸம்மாக்களுக்கு என் கும்பிடு. ஒன்பதரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, 2 கிலோ 800 கிராம். அழகர் அதற்கு முன்பே ஆற்றில் இறங்கிவிட்டார். வீட்டு மருமகள்கள் நாலு பேருமே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். அப்போதுதான் எனக்குப் பந்தல் நினைப்பு வந்தது. நீர்மோர் நின்றுபோயிருக்கும், 41-ஆவது வருஷத்தில் வேண்டுதல் தவறிவிட்டது என்று அழுதுகொண்டே பதினொன்றரைக்குத் தெருவுக்குள் நுழைந்தேன்.

பந்தலில் ஈ மொய்த்த மாதிரிக் கூட்டம். இஸ்திரி போடும் அக்கா கரண்டியோடு நிற்கிறார். டீச்சரம்மா கறிவேப்பிலை, இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டம்ளர் கழுவுகிறார்கள். அத்தை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும், "என் பேத்தி பிரசவத்துக்குப் போயிருக்கா, நல்லபடியா வரணும்னு சொல்லிட்டுக் குடி" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்களாம். குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகு, "பொம்பளப் பிள்ள, நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுக் குடி" என்று மாற்றிக்கொண்டார்களாம். இஸ்திரி அக்கா ஒரு டம்ளரை என் கையில் கொடுத்து, "உப்பு சரியா இருக்கா பாருங்க" என்றார். சரியாக இருந்தது அக்கா. எங்கள் கையால் போட்டதைவிடச் சரியாக இருந்தது.

இத்தனை வருஷமும் பந்தல் பேனரில் எங்கள் குடும்பத்தின் பேரைத்தான் போட்டு வந்தோம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். அடுத்த வருஷம் முதல் தெருவின் பேர்தான் இருக்கும். இதை முதலில் சொன்னதும் அத்தைதான்.

பாத்திரங்களைக் கழுவி, வெட்டியிருந்த பேரைப் படித்துப் படித்து வீடு வீடாகக் கொண்டு வந்து கொடுத்துவிட்டோம். டீச்சரம்மா, நாற்காலிக்குப் புது மிதி போட்டாயிற்று. சாரின் வேட்டியை நீங்கள் திரும்ப அதன்மேல் போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

இரண்டு பொருள் மட்டும் எங்களிடம் நிற்கிறது. ஒன்று, அடியில் எழுத்து தேய்ந்து "பொ.ரா., 14.9.79" என்று மட்டும் தெரியும் எவர்சில்வர் தூக்குவாளி. பதினாறு வீட்டிலும் கேட்டாயிற்று, எங்களுடையது இல்லை என்கிறார்கள். அன்றைக்குத் தயிர் கொண்டுவந்து வைத்தவர் யாராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று அந்தச் சிவப்பு உருமால். துவைத்து மடித்து அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அண்ணே, அடுத்த சித்திரைக்கு நீங்கள் எப்படியும் இந்த வழியாகத்தான் ஆற்றுக்குப் போவீர்கள். பந்தலில் குழந்தையோடு உட்கார்ந்திருப்போம்.