பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007-இல் ஊர்ப் பெயரை மாற்றியபோது சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள். எனக்கு நல்ல வேலை கிடைத்தது. கடை கடையாக ஏறி முகவரி வரியை அழித்துப் புதுப் பெயர் எழுதினேன். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். பதினாறு வயதில் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) தூரிகை கழுவப் போனேன்; நாற்பது வருடத்துக்கு மேல் போர்டு எழுதிவிட்டுத்தான் கீழே வைத்தேன். இப்போது கை நடுங்குகிறது. கண் மட்டும் பழைய வேலையை விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் போர்டைத்தான் பார்க்கும்.

இந்தக் கடிதத்துக்குக் காரணமும் ஒரு போர்டுதான். எங்கள் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெற்றோர் காசு சேர்த்துப் புதுப் பெயர்ப்பலகை வைத்தார்கள். திறப்பு விழாவில் பளபளவென்று இருந்தது. போன வாரம் பேரப்பிள்ளையைக் கூப்பிடப் போனபோது நின்று பார்த்தேன். சின்னத்தில் சிவப்பைக் காணோம். நான்கு மூலையிலும் ஆணி இருந்த இடத்திலிருந்து துரு கண்ணீர் மாதிரி வழிந்திருக்கிறது. 'தோட்டம்' என்ற சொல்லில் 'தோ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். இது துரு செய்த வேலை இல்லை. மாட்டிய நாளிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. தமிழ் தெரியாத கணினியில் எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் வரும். செய்தவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்ட நமக்குத் தெரியுமே!

சரி, எழுத்துக் கதை பிறகு. முதலில் தகடு.

போர்டு எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இரண்டுதான்: எவ்வளவு காசு, எந்தக் கலர். எதில் செய்கிறாய், எதை வைத்து மாட்டுகிறாய், பின்பக்கம் என்ன அடிப்பாய் என்று என்னிடம் இத்தனை வருடத்தில் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் கணக்கர்). அவருக்குக் காரணம் இருந்தது. உர ஸ்டோர் வாசலில் எழுதி வைத்த போர்டு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு; சமையல் உப்புக்குத் தம்பி. மூட்டை ஏற்றி இறக்கும்போது பறக்கிற தூள் தகட்டில் ஒட்டும், ராத்திரிப் பனியில் கரையும். கடற்கரையில் வைத்த இரும்புக்கு ஆகும் கதி ஸ்டோர் வாசலிலேயே ஆகிவிடும். பால் ஸ்டோரில் வேறு தொல்லை. ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா, உறைய வைக்கப் பார்மிக் அமிலம். பித்தளையில் பெயர் வெட்டி வைத்தால் அம்மோனியா காற்றில் பச்சை பூத்து நிற்கும். ஆகவே முதல் கேள்வி, போர்டு எங்கே நிற்கப் போகிறது என்பதுதான். கோலசிலாங்கூர்க் கடலோரத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே தகடு சரிப்பட்டு வராது.

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வளைவு போர்டு எழுதினேன். துருப்பிடிக்காது என்று புத்தம் புது சிங்க் (துத்தநாகம்) பூசிய இரும்புத் தகடு வாங்கி, துடைத்து, நேரே எண்ணெய் எனாமல் அடித்து, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அடுத்த வருடம் திருவிழாவுக்குப் போகிறேன், பாம்பு சட்டை உரித்த மாதிரி பெயின்ட் பாளம் பாளமாகத் தொங்குகிறது. 'அருள்மிகு' என்பதில் 'அரு' மட்டும் மிச்சம். மட்டமான பெயின்ட் போட்டேன் என்று தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பெயின்ட் நல்லதுதான். எண்ணெய்ப் பெயின்டில் உள்ள கொழுப்பு அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் மெல்லிய சவர்க்காரப் படலமாகிவிடும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. இதைத் தவுக்கே எனக்குச் சொல்லவில்லை. நான் காசு கொடுத்துக் கற்றேன். புதுத் தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, லேசாகத் தேய்த்து, அதற்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் அடித்த பிறகுதான் கலர். அவசரமில்லை என்றால் தகட்டைச் சில மாதம் வெயில் மழையில் காயப் போட்டுவிட்டுக் கழுவி எழுதலாம். கோயில் வேலையில் அவசரமில்லாத நாள் எது? அந்த வளைவைக் கூலி வாங்காமல் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

இப்போது பெரும்பாலும் ஸ்டிக்கர் அச்சுதான். தப்பில்லை, சீக்கிரம் முடியும். ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து மூன்று நான்கு டிகிரி வடக்கே உட்கார்ந்திருக்கிறோம். உச்சி வெயில் நேரே மண்டையில். அச்சு மையில் முதலில் ஓடிப்போவது சிவப்பும் மஞ்சளும். மிஞ்சுவது நீலமும் கறுப்பும். குங்குமப் பட்டோடு அச்சடித்து வைத்த அம்மன் மூன்றாம் வருடம் நீலியாக நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கரிலும் இரண்டு சாதி உண்டு. உருளையில் அழுத்தி இழுத்துச் செய்வது விலை குறைவு, கொஞ்ச நாளில் சுருங்கி ஓரம் தூக்கும். திரவமாக ஊற்றிச் செய்வது மெல்லியது, விலை கூட, இரண்டு மடங்கு காலம் நிற்கும். கடைக்காரரிடம் ஊற்றிச் செய்த 'காஸ்ட்' ஸ்டிக்கரா என்று கேளுங்கள். கேட்டாலே உங்களை ஏமாற்றத் தயங்குவார்.

சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறிப் பட்டை அடித்திருப்பதைப் பாருங்கள். வெள்ளை கருக்கும், காவி மங்காது. காவி என்பது இரும்பு ஆக்சைடு மண். துருவும் அதற்கு உறவுதான். ஏற்கனவே துருப்பிடித்து முடிந்த நிறத்தை வெயில் என்ன செய்யும்? பளீர் சிவப்புக்குப் பதிலாக அந்தச் செங்கல் நிறத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பள்ளிப் பலகையில் துரு வழிந்தது என்றேனே, அது அலுமினியப் பலகை. அலுமினியம் எப்படித் துருப்பிடிக்கும் என்று என் மருமகன் கேட்டார். வழிந்தது தகடு இல்லை மாப்பிள்ளை, ரிவெட் என்றேன். கடையில் வாங்கும் சாதாரண ரிவெட்டின் உடம்பு அலுமினியம், உள்ளே இழுத்து உடைக்கும் ஊசி இரும்பு. ஊசியின் தலை உள்ளேயே தங்கிவிடும். மழைத் தண்ணீர் அந்த ஓட்டைக்குள் போய்த் துருவைக் கரைத்துக்கொண்டு வரும். இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பலகை, சில காசு ரிவெட்டால் அசிங்கப்பட்டு நிற்கிறது. முழு அலுமினிய ரிவெட்டோ எவர்சில்வர் ஸ்குரூவோ போட்டு, நடுவே நைலான் வாஷர் வைத்தால் போதும். வெவ்வேறு உலோகம் இரண்டு ஈரத்தில் ஒட்டி நின்றால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். வாஷர் வைப்பது அதைத் தடுக்கத்தான். கடலோரம் என்றால் எவர்சில்வரிலும் 304 என்ற ரகம் போதாது, மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள்.

இறுக்கி முடுக்குவதும் தப்பு. எட்டடி அலுமினியத் தகடு காலைக் குளிருக்கும் நடுப்பகல் சூட்டுக்கும் நடுவே நாற்பது டிகிரி ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் அதில் பாதிதான் நீளும். தகடு போக இடமில்லாமல் அப்பளம் மாதிரி உப்பும், அல்லது ஓட்டையைக் கிழிக்கும். ஓட்டையை நீளவாட்டில் போட்டால் தீர்ந்தது. அதுவும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போட வேண்டும். அடித்த பிறகு துளைத்தால் துளையின் விளிம்பு பச்சைப் புண்.

விளிம்பைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். வெட்டிய தகட்டின் கூர்மையான ஓரத்தில் பெயின்ட் நிற்காது, காயும்போது பின்வாங்கிவிடும். துரு முதலில் நுழையும் வாசல் அதுதான். அரம் போட்டு மழுக்கிவிட்டு, ஓரத்துக்கு மட்டும் முதலில் ஒரு கை கூடுதலாகப் பிரைமர் அடிக்க வேண்டும். அடுத்தது பின்பக்கம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ராத்திரிப் பனி பின்பக்கமும்தான் இறங்குகிறது, காலை வெயில் அங்கே படாததால் மெதுவாகக் காய்கிறது. நான் கழற்றிய பழைய போர்டுகளில் பாதிக்கு மேல் பின்னாலிருந்து செத்தவை. கம்பமும் அப்படித்தான். குழாயின் வாயை மேலே மூடாவிட்டால் மழை உள்ளே நிரம்பி, மண்மட்டத்தில் அறுத்துவிடும். சிமெண்டுப் பாதத்தைத் தரைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, கம்பத்திலிருந்து வெளியே சரிவு வைக்க வேண்டும். வெல்டிங் கடைத் தம்பிகளிடம் சொன்னால் செய்வார்கள், சொல்ல ஆள் வேண்டும். பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது) என்றால் வெளியில் வைப்பதற்குப் பாலியஸ்டர் என்று கேளுங்கள். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி தூள் தட்டும்.

பட்டணத்து மளிகைக் கடை ஒன்றின் சுவரில் நான் சிறுவனாக இருந்தபோதே தொங்கிய எனாமல் போர்டு இன்னும் தொங்குகிறது. இரும்பின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி ஏறக்குறைய எண்ணூறு டிகிரி உலையில் உருக்கியது. நீலம் நீலமாகவே இருக்கிறது. யாரோ ஆணி அடித்துக் கண்ணாடி தெறித்த இரண்டு இடத்தில் மட்டும் துரு. அந்த வேலைக்கு இன்று ஆள் பிடிப்பது கஷ்டம், ஆசைக்குச் சொன்னேன்.

எழுத்துக்கு வருகிறேன். இங்கிலீசு எழுத்துக்குப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. தமிழுக்கு நான் எப்போதும் ஒன்றரை வைப்பேன். நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன, ழ எல்லாம் தூரத்தில் அடைத்துக்கொள்ளும். மலாய் பெரிதாக மேலே, தமிழ் கீழே என்பது ஒழுங்கு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கீழே மிஞ்சிய இடத்தில் 'தேசிய வகை' தொடங்கி 'தமிழ்ப்பள்ளி' வரை ஒரே வரியில் நெருக்கினால் வீதியிலிருந்து யாரும் படிக்க முடியாது. இரண்டு வரியாக உடைக்கலாம்.

தனித்தனி உலோக எழுத்து வெட்டி மாட்டுகிறவர்கள் புள்ளியைக் கவனியுங்கள். 'தமிழ்ப்பள்ளி'யில் மூன்று புள்ளி. எழுத்துக்குச் சுவரில் மாட்டும் கால் மூன்று நான்கு இருக்கும், புள்ளிக்கு ஒரே கால். முதலில் விழுவது புள்ளிதான். பின்பக்கம் மெல்லிய பட்டை வைத்துப் புள்ளியை அதன் எழுத்தோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். பழைய தோட்டத்துப் போர்டுகளில் 'பாடசாலை' என்பதன் 'லை' யானைத் துதிக்கை தூக்கி நிற்கும். தமிழ்நாட்டில் 1978-இல் அரசாணையோடு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கை அது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தயவுசெய்து மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். சுரண்டவும் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், தூள் பிள்ளைகளுக்கு ஆகாது.

இவ்வளவும் இப்போது எதற்கு என்றால், எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்து வீடமைப்பு வந்துவிட்டது. காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்த பெரட்டுக்களம் இருந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும் நான்கு வரி வரலாறும் எழுதி வைப்பது என்று முடிவு. நல்ல காரியம். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஆன்றி போக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகத்துக்காக நட்டார், இந்நாட்டில் அதுதான் முதல் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் குழி வெட்டிய கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எங்கள் பலகையிலாவது இருக்கட்டும் என்று வாட்சாப்பில் பெயர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கூடவே மூன்று கடையின் விலையும் வந்திருக்கிறது. குழுவில் எல்லாரும் கையைத் தூக்கியது மூன்றாவதுக்கு, விலை குறைந்ததற்கு. அதில் தகட்டின் கனமும் இல்லை, ஸ்குரூ என்னவென்றும் இல்லை.

குழுத் தலைவர் உங்கள் பத்திரிகையைத் தினமும் படிப்பவர். நான் நேரில் சொன்னால் 'அண்ணனுக்கு வேற வேலை இல்ல' என்று சிரிப்பார், அதனால்தான் உங்கள் வழியாக எழுதுகிறேன். தம்பி, பெயர்களை நானே தாளில் வரைந்து தருகிறேன். கை நடுங்கினாலும் நேரம் எடுத்து வரைந்துவிடுவேன், கூலி வேண்டாம். அலுமினியம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள், எழுத்தை ஒட்டாமல் குடைந்து வெட்டச் சொல்லுங்கள். சாயம் போனாலும் விரலால் தடவிப் படிக்கலாம். பின்பக்கம் பெயின்ட் அடிக்காமல் மாட்டுவதாக இருந்தால் மட்டும், எழுதியது யார் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய போர்டு எழுத்தர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்