காற்று வீசும்போது ஐஸ் செய்வோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கு மின்சாரமும் வீடுகளுக்கான வெப்பமும் தந்துவந்த சால்மிசாரி நிலக்கரி நிலையம் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது பற்றிய செய்தியைப் படித்தேன். காற்று நன்றாக வீசி மின்சாரம் மலிவாகும்போது அங்கே மின் கொதிகலன்களில் தண்ணீரைச் சூடாக்கிச் சேமித்து, குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வெப்பம் தேவையில்லை, சரி. குளிரைச் சேமிக்கலாமே!

மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனால் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள். காற்று தணிந்தால் தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. இந்த வீணடிப்பு மனதை உறுத்துகிறது. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குளிரூட்டிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய கேன்களில் தண்ணீர் உறைந்துவிட்டால், நாலு மணி நேரம் கரண்ட் போனாலும் கட்டி இளகாது. கேனின் ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம் கசியும். ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எங்கள் விசைப்படகுகள் ஐஸ் கேட்டு நிற்கும் நேரமும் காற்று சீசனும் ஒன்றுதான். ஆகவே காற்று மிகும் மணிநேரங்களில் ஐஸ் ஆலைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்து, மாலை உச்ச நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை மின்வாரியம் வரும் சீசனிலேயே சின்னமுட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஐஸ் ஆலை முன்னாள் ஊழியர்,
சின்னமுட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.