ஷார்ட் ஸ்கேல் பாஸ்: தந்தியை முடிவு செய்துவிட்டு மரத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாஸ் கிட்டார் வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில், ஷார்ட் ஸ்கேல் பாஸ், அதாவது தந்தி அதிரும் நீளம் (ஸ்கேல்) குறைந்த பாஸ், சிறுவர்களுக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் உரியது என்று ஒரே வரியில் ஒதுக்கப்பட்டிருந்தது. கிப்சன் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த முதல் மின் பாஸே 30.5 அங்குல ஸ்கேல்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் பாஸ் 30 அங்குலம். கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் இபி-3, ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் பாஸ் எல்லாம் இதே குடும்பம். இவர்களை யாரும் பழகுநர் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

அந்த வரியைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. சொல்லிச் செய்விக்க விரும்புவோர், பெரிய பாஸைச் சுருக்கிச் செய்தால் போதும் என்று கைவினைஞரிடம் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சுருக்கினால் போதாது. ஆர்டர் கொடுத்தவர்கள் ஏமாற்றம் அடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வழக்கமான பாஸில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்தி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்தியைத் தாங்கும் பகுதி) வரை 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. ஷார்ட் ஸ்கேலில் 30 அங்குலம், 762 மி.மீ. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே பெரியதில் ஏறக்குறைய 130 மி.மீ., சிறியதில் 114 மி.மீ. விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று வாசிப்பவருக்கு இந்த 16 மி.மீ. பெரிய நிம்மதி. ஆனால் நீளம் குறைந்தால் இழுவிசை அதே விகிதத்தில் குறைவதில்லை. நீளத்தின் இருமடிப்படி, அதாவது வர்க்கத்தில், குறைகிறது. அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் 22 சதவீதம் இழுவிசை போய்விடும். 34 அங்குலத்தில் 18 கிலோ இழுக்கும், மிகத் தடித்த இ தந்தி 30 அங்குலத்தில் 14 கிலோதான் இழுக்கும்.

இந்தக் கருவியின் குணங்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். விரலுக்கு மெத்தென்று இருப்பது, அடி சுரம் உருண்டு திரண்டு ஒலிப்பது நல்ல பக்கம். இ தந்தி தொளதொளவென்று அகலமாக ஆடி ஃப்ரெட்டில் உரசுவது, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடுவது கெட்ட பக்கம். ஆகவே என்ன மரம், என்ன நிறம் என்பதற்கெல்லாம் முன்னால் எந்தத் தந்தி கட்டப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

45-இலிருந்து 105 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட்டைத்தான் பலரும் பழக்கத்தில் கட்டுகிறார்கள். விட்டுப்போன இழுவிசை முழுவதையும் திரும்பப் பெற வேண்டுமானால் 105-க்குப் பதில் 119 தடிமன் வேண்டும். அவ்வளவு தடித்த தந்தி இந்தக் குட்டை நீளத்தில் விறைத்துப்போய் மேல் ஒத்திசைகள் மங்கிவிடும், கிட்டத்தட்ட கயிறுதான். 50 முதல் 110 வரையிலான செட் நல்ல நடுவழி: 14 கிலோவில் இருந்த இ தந்தி 15.4 கிலோவுக்கு வரும். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்டு தந்திகள் அதே தடிமனில் பொதுவாக இன்னும் கெட்டியாக நிற்பவை, ஆட்டமும் குறைவு. இந்த வகைப் பாஸுக்கு அவைதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். கட்டைவிரலால் தந்தியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து தந்தி வேண்டும் என்பவர்களுக்கு: தாழ்ந்த பி தந்தி 30 அங்குலத்தில் சுருதி தெளிந்து நிற்பது கடினம். 32 அங்குலத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது தந்தியின் நீளம். லாங் ஸ்கேல் தந்தியை வாங்கி வெட்டிக் கட்டினால், நுனியில் மெலிய வேண்டிய பகுதி வெட்டுப்பட்டுப் போய், முழுத் தடிமனும் டியூனர் (தலைப்பகுதியிலுள்ள சுருதி முடுக்கி) தண்டில் சுற்ற வேண்டி வரும். மேல் சுற்றுக்கம்பி உடையும் அல்லது உள்கம்பியில் வழுக்கும். புதுத் தந்தியே செத்த சத்தம் போடும். வேறு வழியில்லை என்றால், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பே தந்தியைச் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிப்பு சுற்றுக்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. உடலின் பின்பக்கத்திலிருந்து தந்தி ஏறிவரும்படி பிரிட்ஜ் வைத்தால், ஷார்ட் ஸ்கேல் தந்தியின் தடித்த பகுதி நட்டைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிடலாம். எனவே தந்தி முனையிலுள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை எத்தனை மி.மீ. என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லி, அதைத் தந்தி உறையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பிரிட்ஜின் பின் விளிம்பிலேயே தந்தியைக் கோக்கும் வகை என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

இனி ஆர்டர் தாளுக்கு வருவோம். "ஷார்ட் ஸ்கேல்" என்று மட்டும் எழுதாதீர்கள். 30, 30.5, 30.75 மூன்றுக்கும் அதே பெயர்தான். ஆனால் ஃப்ரெட் வெட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 30 அங்குலம் என்றால் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 381 மி.மீ. என்று எழுதுங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்கள் நிற்கும் இடம் அதைவிட முக்கியம். தடித்த தந்தி, குறைந்த இழுவிசை இரண்டும் சேர்ந்து அழுத்தும்போது சுருதியை ஏற்றிவிடும். அதை ஈடுகட்ட சேடில் பின்னால் போக வேண்டும். மெல்லிய ஜி தந்திக்கு 2, 3 மி.மீ. போதும். இ தந்திக்கு 7, 8 மி.மீ., சில செட்டுக்கு இன்னும் கூட. சேடில் முழுக்க முன்னால் வந்து நிற்கும்போது கணக்குப்படியான 762 மி.மீ. அமைய வேண்டும், அங்கிருந்து பின்னால் குறைந்தது 12 மி.மீ. நகர இடம் வேண்டும் என்று கேளுங்கள். பிரிட்ஜை ஒரு திருகு இடம் முன்னால் தள்ளிப் பொருத்திவிட்டால் இ தந்தி எந்தக் காலத்திலும் சுருதிக்கு வராது. சேடிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை வெட்டிச் சமாளிக்கிற காட்சி பட்டறைகளில் சாதாரணம்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் வைக்கும் தூரமும் சுருங்க வேண்டும். 34 அங்குல பாஸில் பிரிட்ஜிலிருந்து 150 மி.மீ. தள்ளியிருக்கும் பிக்அப்பின் ஒலி பிடித்திருந்தால், 30 அங்குலத்தில் அதை 132 மி.மீ. தூரத்தில் வைக்க வேண்டும். பழைய அளவிலேயே வைத்தால் பிக்அப் கழுத்துப் பக்கம் நகர்ந்ததற்குச் சமம். ஏற்கெனவே கனத்த அடி சுரம் இன்னும் கலங்கும். பிரிட்ஜில் தந்திகளின் இடைவெளியை 19-இலிருந்து 17, 18 மி.மீ. ஆகக் குறைப்பவர்கள், பிக்அப்பின் காந்தத் துருவங்கள் தந்திக்கு நேராக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீளப் பட்டை வைத்த பிக்அப்புக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு சுருள் பிக்அப்பான சிங்கிள் காயிலுக்கு 250 கே, இரு சுருள் ஹம்பக்கருக்கு 500 கே ஓம் பாட் (ஒலிக் குமிழின் மின்தடை). மின் பகுதியைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம், பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நட் அகலம் 38 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். நட் பள்ளங்களை நீங்கள் கட்டப்போகும் தந்தித் தடிமனுக்கே வெட்டச் சொல்லுங்கள். 105-க்கு வெட்டிய பள்ளத்தில் 110 சிக்கிக்கொள்ளும். டியூனரைத் திருகும்போது டிங் என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவும். இழுவிசை குறைவுதானே என்று டிரஸ் ராடில் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பி) சிக்கனம் வேண்டாம். கழுத்து பின்னோக்கி வளைந்துவிட்டால், அதை முன்னால் கொண்டுவர இந்தத் தந்திகளுக்கு வலு போதாது. இருபுறமும் இயங்கும் ராட்தான் வேண்டும்.

எடை குறையட்டும் என்று உடலை மட்டும் சிறிதாக்கி, மிக லேசான மரத்தையும் போட்டால், வாரை மாட்டி நிற்கும்போது தலைப்பகுதி தரையைப் பார்க்கும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேல் கொம்பின் வார்ப்பொத்தான் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக, முடிந்தவரை அருகில், வர வேண்டும். டியூனர்கள் எடை குறைந்தவையாக இருக்கட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் முழு அளவு வரைபடம் கேட்டு வாங்கி, அட்டையில் வெட்டித் தோளில் மாட்டிப் பார்ப்பது அசட்டுத்தனம் அல்ல. ஸ்கேல், கழுத்து, பிரிட்ஜ் இடம் ஆகியவற்றைச் செய்து முடித்த பிறகு திருத்த முடியாது.

கருவி கைக்கு வந்ததும் முடிவு செய்த அதே தந்தியைக் கட்டி, 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், 7-ஆம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3, 0.4 மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் இ தந்தியின் உயரம் 2.5 மி.மீ. வரை இருக்கலாம். பெரிய பாஸைவிட உயரம் என்று குறைக்கத் தோன்றும். குறைத்தால் உரசும், ஏனென்றால் இது அகலமாக ஆடும் தந்தி. பிறகு ஜி தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே பலத்தில் மீட்டுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கினால் கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தை விழுங்குகிறது என்று பொருள். தலைப்பகுதியில் சிறு கவ்வி ஒன்றை மாட்டிப் பாருங்கள். அந்த இடம் நகர்ந்தால் ஃப்ரெட் வேலையில் குறையில்லை, கைவினைஞரிடம் ஃப்ரெட்டைத் தேய்க்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்