மூணு செல் கைப்பிடி

ஊட்டி
ஆடி 22

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளான லைட்சேபரின் கைப்பிடி வாங்க நீ அனுப்பிய மூன்று விற்பனைப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்கும் இன்னும் பணம் கட்டிவிடாதே. முதலாவது அளவே தப்பு. இரண்டாவதை வாங்கலாம், ஆனால் கேட்கிற விலைக்கு இல்லை. மூன்றாவது, அந்த லைட்சேபருக்கு அடிப்படையான பழைய கேமரா ஃபிளாஷ் கைப்பிடியின் அசல். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

முதலில் எந்தப் படத்து லைட்சேபர் வேண்டும் என்று முடிவு பண்ணு கண்ணு. 1977ல் வந்த ஸ்டார் வார்ஸில் கதாநாயகன் லூக் கையில் இருப்பதும், 1980ல் வந்த அடுத்த படத்தில் இருப்பதும் கதைப்படி ஒன்றே. சாமானாக எடுத்துப் பார்த்தால் வேறு வேறு. நடுவில் இருக்கும் கவ்வியைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 1977ல் கவ்விக்குள் வரிசையாகக் கண்ணாடிக் குமிழ்கள் மாதிரி ஒரு பட்டை இருக்கும். 1980ல் அந்த இடத்தில் சர்க்யூட் போர்டின் விளிம்புத் துண்டு, செப்புக் கோடுகளோடு இருக்கும். விற்கிறவர்கள் ஒன்றின் கவ்வியையும் இன்னொன்றின் பிடிப்பட்டைகளையும் கலந்து ‘படத்தில் வருவது போலவே’ என்று போட்டுவிடுகிறார்கள். அது எந்தப் படத்துக்கும் சேராது.

இந்தச் சாமானை யாரும் பட்டறையில் வரைந்து கடைந்து செய்யவில்லை. செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடையில் கிடைத்த கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்து, அதன் மேல் கறுப்பு டி (T) வடிவப் பிடிப்பட்டைகளை ஒட்டி, கவ்வியில் கால்குலேட்டர் குமிழ்ப்பட்டையைச் செருகி, இடுப்பில் மாட்ட அடியில் ஒரு டி (D) வளையம் போட்டார். அவ்வளவுதான். அந்தப் படத்தின் கலை அமைப்புக்கு ஆஸ்கர் வாங்கிய நால்வரில் அவரும் ஒருவர். ஆகவே நகல் சரியா தப்பா என்று பார்க்கத் திரைப்படத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. அளவுகோல் உலகத்தில் பொருளாகவே இருக்கிறது. அதுவும் அமெரிக்காவில் நீ இருக்கும் ராசெஸ்டரில் செய்த பொருள். கோடாக் கம்பெனியிடமிருந்து 1926ல் பிரிந்த ஃபோல்மர் கிராஃப்ளெக்ஸ்தான் 1945ல் கிராஃப்ளெக்ஸ் என்று பெயர் மாறியது. இங்கே எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஃபிலிமால் பிழைத்த ஊரில் பிறந்துவிட்டு, கோடாக் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஃபிளாஷ் கைப்பிடி தேடுகிறாய். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அது என்ன வேலை செய்த கருவி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பத்திரிகைப் போட்டோகிராபர்கள் வைத்திருந்த ஸ்பீட் கிராஃபிக் கேமராவின் பக்கத்தில் கவ்வி நிற்கும் கைப்பிடி அது. உள்ளே பெரிய டார்ச் செல் மூன்று. மேலே பல்பு, பல்புக்குப் பின்னால் தட்டு மாதிரி எதிரொளிப்பான். மேல்முனையில் முயல்காது மாதிரி நிற்கும் இரண்டு தகடுகள் அந்தத் தட்டைப் பிடிக்கத்தான். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பல்பும் எரியும், சொலினாய்டு என்ற மின்காந்தம் இழுத்து ஷட்டரையும் தட்டும். கவ்வியின் நெம்பு திறந்து மூடுவது கவ்வியைக் குழாயைச் சுற்றி இறுக்கத்தான். நகலில் இந்த நெம்பு திறக்காமல் ஒரே கட்டியாக இருந்தால், அதைச் செய்தவர் அசலைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்.

இப்போது உன் முதல் படம். அது இரண்டு செல் கைப்பிடி. கிராஃப்ளெக்ஸ் இரண்டு செல்லிலும் செய்தார்கள், மூன்று செல்லிலும் செய்தார்கள். அந்தப் பெரிய டார்ச் செல், அதாவது டி (D) சைஸ் செல், ஒன்றின் நீளம் 61.5 மி.மீ. மூன்றுக்கு 184.5, இரண்டுக்கு 123. வித்தியாசம் மொத்தமும் கீழ்க்குழாயில்தான் வரும். தனியாகப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு டார்ச் செல்லை வைத்துப் படம் அனுப்பச் சொல், உடனே தெரிந்துவிடும். அசலாக இருந்தாலும் அது உனக்கு உதவாது.

இரண்டாவது படம் நகல், அலுமினியத்தில் கடைந்தது. அசல் பித்தளைக் குழாய், மேலே முலாம். முலாமில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கோடு கூர்மையாக, கொஞ்சம் நீலம் ஓடித் தெரியும். அலுமினியத்தை எவ்வளவு தேய்த்தாலும் அந்த வெளிச்சம் பால் கலந்த மாதிரிதான் இருக்கும். நீ அனுப்பிய படத்தில் கழுத்துப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் சமையல் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல். பித்தளையின் அடர்த்தி 8.5, அலுமினியம் 2.7. ஒரே கனத் தகடாக இருந்தால் எடை மூன்று பங்கு வித்தியாசப்படும். காந்தம் இறுக ஒட்டினால் இரும்புக் குழாய், அதைத் தொடாதே.

அதே நகலின் கழுத்தில் சின்னத் துளை ஒன்றும் இருக்கிறது, பார்த்தாயா? எல்.இ.டி. வைத்த ஒரு அங்குல பிளாஸ்டிக் கத்தியைச் செருகி இறுக்கும் திருகுக்கான துளை அது. விளையாட வாங்குகிறவர்களுக்குத் தேவை. உன் அலமாரியில் வைக்க அது குறைதான், அதனால்தான் விலையைக் குறைக்கச் சொல்கிறேன். ‘டிஸ்ப்ளே மட்டும்’ என்று விற்கும் பித்தளை நகல்களைத் தேடு. மூன்று டி செல்லும் உள்ளே தடையில்லாமல் இறங்குமா என்று கேள். இறங்கும் என்று சொன்னால் உள்விட்டம் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

குமிழ்ப்பட்டையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டரில் சிவப்பு எண்கள் எரியும் முகப்பின் மேல் இருந்த லென்ஸ் பட்டை அது. அந்தக் காலத்து எல்.இ.டி. எண்கள் மிகச் சின்னவை. பெரிதாக்கினால் விலையும் ஏறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் குமிழை வைத்துக் கண்ணுக்குப் பெரிதாகக் காட்டினார்கள். அதாவது ஒவ்வொரு குமிழும் உண்மையான பூதக்கண்ணாடி. நகல் பட்டை வந்ததும் பொடி எழுத்து அச்சடித்த தாளின் மேல் வை. எழுத்து வளையாமல் பெருத்துத் தெரிந்தால் வார்ப்பு நல்லது. நெளிந்தால், உள்ளே காற்றுப் பொட்டு தெரிந்தால், விளிம்பில் அச்சுக் கோடு ஓடினால் திருப்பி அனுப்பு. மலிவான ரெசின் வார்ப்பு வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் மஞ்சளாகும். ஓடுகிற பழைய கால்குலேட்டரை மட்டும் இதற்காக உடைக்காதே.

பிடிப்பட்டைகள் தனியாக வாங்கினால் நீயே ஒட்ட வேண்டியிருக்கும். பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள். கேமரா கிட்ட நின்று எடுத்த படம் வேண்டாம், முன்னால் இருப்பது வீங்கிக் காட்டும். குழாயின் விட்டத்தைக் காலிப்பரில் அள. சும்மா சொல்லுக்கு 38 மி.மீ. என்று வை. திரையில் அதே விட்டம் 190 புள்ளி வந்தால், 5 புள்ளிக்கு ஒரு மி.மீ. இனிப் பட்டையின் நீளம், கவ்வியிலிருந்து இடைவெளி எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எடுக்கலாம். பட்டைகள் எத்தனை என்று பல கோணத்துப் படங்களை வைத்து எண்ணு. ஒரு காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றி, முனை சேரும் இடத்தில் வெட்டிப் பிரித்தால் சுற்றளவு கையில் வந்துவிடும். 38க்கு அது 119 மி.மீ.க்குச் சற்று மேல். ஏழு பட்டை என்றால் 17 மி.மீ.க்கு ஒரு கோடு. காகிதத்தில் கோடு போட்டு, திரும்பச் சுற்றி, மாஸ்கிங் டேப்பில் மேலும் கீழும் குறித்துக்கொள்.

ஃபெவிக்விக் மாதிரி நொடியில் ஒட்டும் பசையைத் தொடாதே. அதன் ஆவி பக்கத்து முலாமில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும், ஈரக்காற்றில் இன்னும் மோசம். நம் ஊரில் ஆடி மாதம் மேகம் வாசலுக்குள் வரும் நாளில் செய்தால் குழாய் முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி போதும். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை, அப்புறம் விரல் படக்கூடாது. பட்டையின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கு. முலாமைத் தேய்க்காதே. பசையைப் பட்டையின் நடுவில் மட்டும் மெல்லிய கோடாக விடு, ஓரத்தில் வழிந்தால் எடுக்க முடியாது. ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விடு.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். அதில் ஐந்து அங்குலத் தட்டும் கூடவே இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது. தலைப்பில் லைட்சேபர் என்ற வார்த்தையே இல்லை, அதனால்தான் விலை இன்னும் நியாயமாக இருக்கிறது. இனித் தேடும்போதும் பழைய கேமரா ஃபிளாஷ் என்றே தேடு. அந்த வார்த்தை தலைப்பில் ஏறினால் அதே சாமானின் விலையும் கூடவே ஏறிவிடும்.

வாங்குமுன் அடிமூடியைத் திறந்து உள்ளே படம் எடுக்கச் சொல். திறக்க வரவில்லை என்று பதில் வந்தால் உள்ளே செல் கசிந்து பிடித்திருக்கலாம். பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருப்பது பித்தளை அரித்த உப்பு. பழைய துத்தநாகச் செல்லின் கசிவு அமிலத்தன்மை, அதை ஆப்ப சோடாத் தண்ணீரில் துடைக்கலாம். ஆல்கலைன் செல்லின் கசிவு காரம், அதற்கு நீர்த்த வினிகர். எது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதே. கையுறை போட்டுக்கொள். உள்ளே மாட்டிக்கொண்ட செல்லைச் சுத்தியலால் தட்டினால் குழாய் முட்டைவடிவம் ஆகிவிடும். மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திரு, கொஞ்சம் சூடு காட்டு, ரப்பர் துணியால் திருகு. வெளியே பாலிஷ் பசை போட்டுத் தேய்க்காதே. முலாம் மெல்லியது, தேய்ந்தால் மஞ்சள் பித்தளை எட்டிப் பார்க்கும், பிறகு திரும்பாது.

ஆனால் தேனு, அதை வாங்கினால் ஃபிளாஷாகவே வை. பட்டை ஒட்டாதே, துளை போடாதே, தட்டைக் கழற்றித் தனியாக விற்காதே. லைட்சேபர் ஆக்குவதற்காக எத்தனையோ கைப்பிடிகளை அறுத்தாகிவிட்டது. தட்டோடும் பெட்டியோடும் முழுசாக இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. கிறிஸ்டியன் அதில் பட்டை ஒட்டியபோது அது யாருக்கும் வேண்டாத பழைய சாமான். இன்று அப்படி இல்லை. நல்ல பித்தளை நகல் கிடைக்கும்போது அசலில் கை வைக்க ஒரு காரணமும் இல்லை. அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நகலை அளக்க அதைவிட நல்ல அளவுகோலும் உனக்குக் கிடைக்காது.

அதே படத்தில் லூக்கின் குருவான ஓபி-வானின் லைட்சேபர் கைப்பிடியும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதில் ஜெட் எஞ்சின் குழாய், முதல் உலகப்போரில் ரைஃபிளில் வைத்து ஏவிய வெடிகுண்டு (கிரனேட்), பிரவுனிங் துப்பாக்கியின் ஒரு பாகம், தண்ணீர்க் குழாயின் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் கவ்வி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அசல் துண்டுகளைச் சேர்த்து இந்தியாவுக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடு. குண்டும் துப்பாக்கிப் பாகமும் சுங்கத்தில் பதில் சொல்ல முடியாத சாமான்கள். அலுமினிய நகல் வாங்கி அங்கேயே வை.

மார்கழியில் வரும்போது உன் நகலைக் கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் போடு, கைப்பையில் வேண்டாம். செல்லைக் கழற்றிவிடு. பில்லை மடித்து உள்ளேயே வை. இங்கே வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு டப்பாவில் வைக்கலாம், மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறது.

மூன்றாவது கைப்பிடியின் அடிமூடிப் படமும், கவ்வியின் உள்பக்கப் படமும் வந்ததும் அனுப்பு. பார்த்துவிட்டு அன்றைக்கே எழுதுகிறேன். அம்மா வர்க்கி ஒரு கிலோ அனுப்பியிருக்கிறாள், உடையாமல் வந்ததா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா